காசு வாங்கிக்கொண்டு ‘துரை இல்லை’ என்று சொன்னவர்கள்

நாகர்கோவில் வடசேரிப் பக்கம், ஒரு மாடியில் சின்ன அறை. குடும்ப வரலாறு தேடித் தருகிற சேவை. வெள்ளைக்காரர் காலத்துக் குடும்பங்கள்தான் முக்கியமான வேலை. நல்லதோடு குறையும் எழுதப் போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. விலை அதிகம், வேலை மெதுவு, அறிக்கை முழுக்க எழுத்துப்பிழை, ஆனாலும் யாராவது கேட்டால் அங்கேதான் போகச் சொல்வேன். பணம் கட்டியவர் காதுக்கு எது இனிக்குமோ அதை வழவழப்பான தாளில் அச்சடித்து, மேலே ஒரு சிங்க முத்திரையும் வைத்துக் கொடுத்துவிடுகிற ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு. இவர்கள் அந்த ரகம் இல்லை.

வேலை கொடுத்தது ஆஸ்திரேலியாவில் இருக்கிற என் அத்தை. அலைந்தது நான். எங்கள் தாத்தாவின் பாட்டியைப் பெற்ற அம்மாவுக்கு அச்சு அசல் இங்கிலாந்துப் பெயர், குடும்பப் பெயர் உட்பட. அதை வைத்து, அவர் குளச்சலில் கப்பல் வியாபாரம் பார்த்த ஒரு துரைக்குப் பிறந்தவர் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. கொஞ்சம் வெளுப்பாக ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் போதும், துரை எட்டிப் பார்க்கிறான் என்பார்கள். அத்தைக்கு அந்தத் துரையின் ஊரும் பேரும் வேண்டும், முடிந்தால் இங்கிலாந்தில் அவருடைய கல்லறை வரைக்கும்.

கிடைத்த பதில்: துரையும் இல்லை, கப்பலும் இல்லை. பெயர் வந்த வழி வேறு.

குமரி மாவட்டத்தில் பழைய ஆங்கிலப் பெயரோடு மூதாதை இருக்கிற எல்லாருக்கும் இது பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததில் தொடங்கி, 1818-இல் மீட் ஐயர் நாகர்கோவிலுக்கு வந்த பிறகு வேகம் பிடித்தது தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவச் சங்கத்தின் வேலை. பள்ளிக்கூடம், அச்சகம், பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி எல்லாம் வந்தன. மிஷனரி ஒருவரின் மனைவியான மால்ட் அம்மையார் 1821-இல் லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததும் அந்தப் பெண்பிள்ளைகளை வைத்துத்தான். இதற்கெல்லாம் பணம் இங்கிலாந்துச் சபைகளிடமிருந்தும் தனி ஆட்களிடமிருந்தும் வந்தது. அங்கே ஒரு சீமாட்டியோ ஒரு சபையோ வருடத்துக்கு இவ்வளவு என்று அனுப்பி ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தால், அந்தப் பிள்ளைக்கு அவர்கள் சொல்கிற பெயரை வைப்பார்கள். தங்கள் பெயர், இறந்துபோன தங்கள் மகளின் பெயர், பிடித்த போதகரின் பெயர், எதுவானாலும். உபதேசியார்களுக்கும் இதே வழக்கம் இருந்தது. ஆக, ஒரு பனையேறியின் மகள் பள்ளியில் சேரும்போது ஊர்ப்பெயரோடு போய், வெளியே வரும்போது முழு ஆங்கிலப் பெயரோடு வந்திருக்கலாம். அந்தப் பெயருக்கும் ரத்தத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதைப் பொதுவாகச் சொல்லி அனுப்பியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். மூன்று தாள்களைக் காட்டினார்கள். முதலாவது, மிஷன் அறிக்கை ஒன்றின் நகல்: இடது பக்கம் பிள்ளைகளின் பெயர், வலது பக்கம் யார் பணத்தில் படிக்கிறது என்ற விவரம். எங்கள் ஆளின் பெயருக்கு நேரே, அதே குடும்பப் பெயருள்ள ஓர் இங்கிலாந்துப் பெண்மணி. இரண்டாவது, ஒரு கிராமத்துச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எடுத்த படம், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது, தமிழில் எழுதியது, தகப்பன் பெயர் சுத்தமான ஊர்ப்பெயர், தொழில் பனையேற்று.

மூன்றாவது எங்கள் வீட்டிலேயே இருந்தது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த மலையாளப் பிரமாணம், அதாவது நிலப் பத்திரம், மடிப்பு விழுந்த இடத்தில் எல்லாம் கிழிந்து, படிக்கத் தெரிந்த தலைமுறையும் போய்ச் சேர்ந்துவிட்டதால் யாரும் கை வைக்காமல் கிடந்தது. அந்த அறையில் இருக்கிற இருவரில் பெரியவர், எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், முன்பு பத்திரம் எழுதும் தொழிலில் இருந்தவர். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்துக்கூட ஓட்டாமல், தினத்தந்தி வாசிப்பது மாதிரி வாசித்துக்கொண்டே போனார். இஷ்டதானம். பனைவிளையில் ஒரு துண்டை அப்பா மகளுக்கு எழுதிக் கொடுக்கிறார். மகளின் பெயர் அந்த இங்கிலாந்துப் பெயர், மலையாள எழுத்தில் நசுங்கிப்போய். அப்பாவின் பெயர் பதிவேட்டில் இருந்த அதே ஊர்ப்பெயர். குளச்சல் துரைக்கு அதற்குமேல் போக இடமில்லை.

அவர்கள் முறையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘உறுதி’, ‘இருக்கலாம்’, ‘கேள்வி’ என்று மூன்றில் ஒன்றைக் குறித்திருக்கிறார்கள். குடும்பக் கதை எல்லாம் ‘கேள்வி’. அத்தை சொன்ன துரைக்கும் ஒரு வரி ஒதுக்கி, எங்கெங்கே தேடினோம், அங்கே என்ன இல்லை என்று எழுதியிருந்தார்கள். கிடைக்காத ஆளைத் தேடிய கணக்கையும் காட்டுகிற நேர்மைக்குத்தான் என்னைப் பொறுத்தவரை பாதிக் காசு. இன்னொரு பெண் இருக்கிறார், லண்டன் பக்கத்து வேலை, அதாவது அங்கே இருக்கிற ஆவணங்களில் தேடுவது, முழுக்க அவர்தான். தக்கலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலருக்கும் டிலனாய் மூதாதையாக வேண்டுமாம், சிரித்துக்கொண்டே சொன்னார். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்தவர். 1777-இல் இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இடிந்த கோயிலில் கல்லறை இருக்கிறது, தமிழிலும் லத்தீனிலும் எழுத்து வெட்டியிருக்கிறது, மனைவியும் மகனும்கூட அங்கேதான். கல்லறை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அவர் தாத்தாவாகிவிட மாட்டார் என்று வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறதாம். பேச்சிப்பாறை அணை கட்டிய மிஞ்சினை, நம் ஊர்க்காரர்களின் மூக்கன் துரையை, உறவு கொண்டாடி வருகிறவர்களும் உண்டாம்.

சரி, குறைகள்.

முதல் குறை பணம். முன்பணம் கட்டிய பிறகுதான் திருவனந்தபுரம் போகிற செலவு தனி என்று சொல்கிறார்கள். போகாமல் முடியாது என்பது உண்மைதான்: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம், பழைய அரசு ஆவணத்தைத் தேடிக் கேரள ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும், சென்னைக்கு ரயில் ஏறிப் பிரயோஜனம் இல்லை. அதை முதல் நாளே சொல்லி வாங்கினால் யாருக்கும் வருத்தம் இருக்காது. சொல்லாமல் பில்லில் சேர்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

அடுத்தது லண்டன் பக்கத்து வேலைக்கு வாங்குகிற கட்டணம். இதில் ஒரு பகுதியை நீங்களே செய்துகொள்ளலாம். ஐரோப்பியர்களுக்கு இந்தியாவில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் இவற்றின் பிரதிகள் லண்டனுக்குப் போய், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மெட்ராஸ் வரிசைக்கு என்/2 என்று பெயர், 1698-இலிருந்து தொடங்குகிறது. அதன் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் காசுக்குக் கிடைக்கின்றன. ஃபேமிலிசெர்ச் தளத்தில் கணக்குத் தொடங்க ஒரு பைசா வேண்டாம், இந்திய ஞானஸ்நானங்களுக்கு அங்கேயும் பெயர் அட்டவணை உண்டு. ஃபிபிஸ் என்று 1998-இல் தொடங்கிய ஒரு சங்கம், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கென்றே தரவுத்தளம் வைத்திருக்கிறது, தேடுவது இலவசம். உங்கள் மூதாதை நிஜமாகவே துரையாக இருந்தால் பெரும்பாலும் இவற்றிலேயே வால் தட்டுப்படும். ஆனால் மிஷன் பக்கத்து ஆள் என்றால் கதை வேறு. லண்டன் மிஷன் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோவாஸ் என்ற பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் இருக்கின்றன, அங்கே எதை, எந்த வருடத்தில் தேடுவது என்று தெரிய அனுபவம் வேண்டும். அதற்குக் கொடுத்த காசை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, கொல்லம் ஆண்டு, அதாவது பழைய திருவிதாங்கூர் ஆவணங்களில் வருகிற மலையாள ஆண்டுக் கணக்கு. இதற்குத்தான் எனக்குக் கோபமே வந்தது. எங்கள் பிரமாணத்தில் தேதி கொல்லம் 1050, கன்னி மாதம். அறிக்கையில் 1875 என்று போட்டிருந்தார்கள். ஆங்கில ஆண்டாக்கக் கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டியிருக்கிறார்கள். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது, கன்னி என்பது செப்டம்பர், அக்டோபர், அப்போது கூட்ட வேண்டியது 824. ஆக அது 1874. ஒரு வருடத்தில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். பிள்ளை பிறந்தது முதலிலா, நிலம் எழுதியது முதலிலா என்று பார்க்கும்போது அந்த ஒரு வருடம்தான் ஆளையே மாற்றிவிடும். அண்ணாச்சி சரியாகத்தான் படித்தார், தட்டச்சு செய்த இடத்தில் பிசகியிருக்கிறது. சொன்னதும் திருத்தித் தந்தார்கள், ஆனால் சொல்ல வேண்டியிருந்தது.

நான்காவது, வம்ச வரைபடம். நாங்கள் கேட்டதே அம்மா வழி. தாத்தாவின் அம்மா, அவருடைய அம்மா, அவருடைய அம்மா என்று போகிற கோடு. அவர்கள் பயன்படுத்துகிற மென்பொருளோ ஆண்களைக் கட்டத்துக்குள் பெரிதாகப் போட்டு, பெண்களைக் கீழே ‘மனைவி’ என்று பொடி எழுத்தில் தள்ளிவிடுகிறது. யாருக்காக இத்தனை அலைந்தோமோ அந்த ஆள், லேஸ் பின்னிப் படித்து, தன் பெயரில் நிலம் எழுதிப் பெற்ற பெண், வரைபடத்தில் யாரோ ஒருவருடைய மனைவியாக ஓரத்தில் நிற்கிறார். மாற்றித் தரச் சொன்னேன். தருகிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை. போன் செய்தால் எடுப்பது அவர்கள் சௌகரியம்.

அத்தைக்கு அறிக்கை பிடிக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. “மக்களே, இவங்களுக்கு என்ன தெரியும்? ரூபாயத் திருப்பி வாங்கு” என்று போனில் ஒரே சத்தம். அப்புறம், எச்சில் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்க்கிறேன், டிஎன்ஏ பொய் சொல்லாது என்றார். டிஎன்ஏ பொய் சொல்லாதுதான். ஆனால் அத்தைக்கு அந்தத் துரை ஐந்து தலைமுறை மேலே, அவரிடமிருந்து வந்திருக்கக்கூடிய பங்கு சராசரியாக 3 சதவீதம். வடசேரிப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசையவில்லை: “பண்ணச் சொல்லுங்க சார். வேற மாதிரி வந்தா நாங்க வரிய மாத்திக்கிறோம்.” அத்தை இன்னும் குழாயில் துப்பவில்லை. பணம் திருப்பிக் கேட்கும்படியும் மறுபடி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: முதலில் வீட்டுப் பெட்டி, பரண், பழைய பைபிளின் முதல் பக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போங்கள், மலையாளத்தில் எது கிடந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், கிழிந்தது என்று விடாதீர்கள். சபைப் பதிவேடு பார்க்கப் போகும்போது அந்த ஊர் ஆள் ஒருவர் கூட வந்தால் போதகரிடம் பேசுவது எளிது. பயணச் செலவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். லண்டன் பக்கத்துத் தேடலை முதலில் நீங்களே இலவசத் தளங்களில் செய்து பாருங்கள், மலையாள ஆவணத்தை மட்டும் அண்ணாச்சியிடம் கொடுங்கள், அந்த ஒரு வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. மொத்தச் சேவைக்கு மூன்றரை, வரைபடம் திருந்தி வந்தால் நான்காக்குகிறேன்.