எம்.எஸ்: தினம் இரண்டு கேப்ஸ்யூலா, ஆறு மாதத்துக்கு ஒரு டிரிப்பா?

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்) என்பது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய். தாக்குவதும் தணிவதுமாக வரும் அதன் வகைக்கு மருந்துகள் பல. வேலூர், ஆரணி, குடியாத்தம் பக்கத்துக் குடும்பங்கள் செலவையும் சேர்த்துப் பார்த்தால் தினம் இரண்டு கேப்ஸ்யூலான டைமெத்தில் ஃப்யூமரேட், ஆறு மாதத்துக்கு ஒரு டிரிப்பான ரிட்டுக்ஸிமாப் ஆகிய இரண்டையும் அவசியம் எடைபோட வேண்டும்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு சுவீடனில் நடந்தது. முடிவு 2022-ல் வந்தது. இரண்டு ஆண்டுகளில் நோய் மறுபடி தாக்கியது ரிட்டுக்ஸிமாப் அணியில் 98 பேரில் 3 பேரை, ஃப்யூமரேட் அணியில் 97 பேரில் 16 பேரை. அங்கே கொடுத்த அளவு முதலில் 1000 மி.கி., பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 500 மி.கி. ரிட்டுக்ஸிமாப் லேபிளில், அதாவது அனுமதி பெற்ற நோய்களின் பட்டியலில், எம்.எஸ் கிடையாது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் எம்.எஸ்-க்கான அத்தியாவசிய மருந்துகளில் அதையும் சேர்த்தது. இந்தியத் தயாரிப்பு 2007 முதலே கிடைக்கிறது.

எங்கள் சாய்வு ரிட்டுக்ஸிமாப் பக்கம்தான். அதற்கு அந்த எண்கள் மட்டும் காரணமல்ல. எம்.எஸ் போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் இன்னொரு நோய் உண்டு: என்.எம்.ஓ. (நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா). எம்.ஆர்.ஐ-யில் தண்டுவடத் தழும்பு மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கோ அதற்கு மேலோ ஓடினால், அல்லது விக்கலும் வாந்தியும் நாள்கணக்கில் நிற்காவிட்டால், அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எம்.எஸ்-க்குத் தரும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் மூன்றும் அதை மோசமாக்கக்கூடும். அந்த நோய்க்கு ஃப்யூமரேட்டை நம்பி இருக்க முடியாது. ரிட்டுக்ஸிமாப் இரண்டு நோய்க்கும் உதவும். என்.எம்.ஓ.-வைக் கண்டறியும் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையை செல் அடிப்படையிலான முறையில் செய்யச் சொல்லுங்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்று சிகிச்சை ஆன்டிபாடிகளையும் அகற்றிவிடும் என்பதால், அது தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும்.

டிரிப் ஏறும் முன் தவறவே கூடாதது ஹெபடைடிஸ் பி பரிசோதனை. மேற்பரப்பு ஆன்டிஜென் 'நெகட்டிவ்' என்ற ஒரு சீட்டு போதாது. பழைய தொற்றைக் காட்டும் கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். பழைய தொற்று ஈரலில் பதுங்கியிருந்தால் ரிட்டுக்ஸிமாப்பால் பி செல்கள் (ஆன்டிபாடி உருவாக்கும் வெள்ளணு வகை) அழிந்ததும் அது மறுபடி கிளம்பி உயிரையே எடுக்கலாம். பாசிட்டிவ் என்றால் ஈரல் மருத்துவர் வைரஸ் மாத்திரையை முடிவுசெய்த பிறகே டிரிப். காசநோய்ச் சோதனை, ஐ.ஜி.ஜி. (ரத்தத்திலுள்ள ஆன்டிபாடி) அளவு, எச்.ஐ.வி. ஆகியவையும் பட்டியலில் உண்டு. தடுப்பூசிகளை நான்கு வாரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள், பிறகு போட்டால் சரியாகப் பிடிக்காது.

முதல் டிரிப் மணிக்கு 50 மி.கி. வேகத்தில் தொடங்கும், ஒத்துக்கொண்டால் அரை மணிக்கு 50 கூட்டுவார்கள். அரைநாளை ஒதுக்கி வையுங்கள். அரிப்பு, குளிர் நடுக்கம், தொண்டை இறுக்கம் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். காலை ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்துவதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், டிரிப்பின்போது அழுத்தம் இறங்கும். மருந்தை வெளியே வாங்கி வந்தால் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஐஸ் கட்டியில் நேராக ஒட்டி உறைந்துபோனாலும் வீண்தான்.

ஃப்யூமரேட்டுக்கு இந்தப் பாடு இல்லை. ஒரு வாரம் 120 மி.கி. இருவேளை, பிறகு 240 இருவேளை. வெறும் காபியோடு போட்டால் வயிறு புரட்டும், முகம் சிவந்து எரியும். சாப்பாட்டோடு போட்டால் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லிம்ஃபோசைட் (வெள்ளணுக்களில் ஒரு வகை) எண்ணிக்கை பாருங்கள். 500-க்குக் கீழே ஆறு மாதம் நீடித்தால் நிறுத்துவது பற்றிப் பேச வேண்டும். நோய் லேசாக இருந்து, என்.எம்.ஓ. இல்லையென்று உறுதியாகி, வேளை தவறாமல் விழுங்குபவருக்கு இது போதும். கருத்தரிக்க எண்ணினால் இரண்டுக்குமே முன்கூட்டியே திட்டம் தேவை: ரிட்டுக்ஸிமாப் லேபிள் கடைசி டோஸிலிருந்து 12 மாதம் கருத்தடை கேட்கிறது.

எந்த மருந்தில் இருந்தாலும் வேலூர்க் கத்திரி வெயில் குழப்பும். உடம்பு சூடேறினால் பழைய தழும்பு வழியே நரம்புச் செய்தி தடுமாறும். பார்வை மங்கும், கால் தளரும். நிழலில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டு ஒரு மணியில் தெளிந்தால் அது புதுத் தாக்குதல் இல்லை. 24 மணி நேரம் தாண்டியும் நீடித்தால், முதலில் காய்ச்சலையும் சிறுநீர்த் தொற்றையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஸ்டீராய்டு பேச்சை எடுக்கலாம்.