நாளைய தேதியில் வந்த சான்றிதழ்

மரத்திலுள்ள பூச்சியைக் கொல்லும் விஷவாயு கேஸைப் போடும் முன்பே, போட்டாயிற்று என்ற சான்றிதழ் என் கைக்கு வந்துவிட்டது. ஊருக்குப் போன இந்தப் பயணத்தில் மற்ற வேலைகள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. அதை எழுதி யாருக்கு என்ன லாபம்? இந்த ஒரு தாளைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும்.

பாட்டியின் தேக்கு அலமாரியை, நான் இருக்கும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப ஏற்பாடு. தேக்கு உளுக்காது என்று வீட்டில் எல்லோரும் சாதித்தார்கள். வைரம், அதாவது நடுவிலுள்ள கெட்டி மரம், உளுக்காது, சரி. ஆனால் அந்தக் காலத்து ஆசாரி பலகை வீணாகக் கூடாதென்று ஓரத்து மென்மரமான வெளிறையும் சேர்த்தே இழைத்திருக்கிறார். பின்பலகையில் அந்த வெளிர் ஓரம் முழுக்க ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டைகள். விரலால் தட்டினால் முகப்பவுடர் போல மாவு உதிர்ந்தது. பழைய ஓட்டையா, உள்ளே இன்னும் புழு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வண்டு செத்து வருஷக்கணக்கானாலும், வண்டியில் ஏற்றிக் குலுக்கினால் மாவு கொட்டத்தான் செய்யும்.

பேக்கிங் கம்பெனி மேலாளர், "கரையான் மருந்து அடிச்சு, மேல பாலிஷும் போட்டுத் தர்றோம் சார், புதுசா இருக்கும்" என்றார். கரையான் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. உளுவண்டின் புழு பிறந்து வளர்ந்து தின்பதெல்லாம் மரத்துக்குள்ளேயே. நாம் பார்க்கும் ஓட்டை, அது வண்டாகி வெளியேறிய வாசல். மேலே பூசும் மருந்து உள்ளே இருப்பதைத் தொடாது. அதற்குத்தான் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி மற்ற உபயோகங்களைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். ஏற்றுமதிக்கும், பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் தடுக்கும் தனிமைப்படுத்தல் வேலைக்கும் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் வேண்டும் என்று பணமும் கட்டியாயிற்று.

மறுநாள் ஒரு பையன் பைக்கில் வந்து உறையை நீட்டினான். தாள் அவ்வளவு அழகு. கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம், வெப்பம் 21 டிகிரிக்குக் குறையவில்லை, ஆரம்பித்த மணி, முடிந்த மணி, இரண்டு கையெழுத்து, வட்ட முத்திரை. முடிந்த தேதி மட்டும் நாளைக்கு. அலமாரியோ என் முதுகுக்குப் பின்னால், வராந்தாவில், பபிள் ராப் சுற்றி நிற்கிறது.

"தம்பி, இன்னும் கேஸே போடலையேப்பா?"

"நாளைக்குப் போட்டுடுவாங்க சார். பேப்பர் லேட்டாகக் கூடாதுன்னு முன்னாடியே கொடுக்கச் சொன்னாங்க."

அவன் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. எனக்கு உதவி செய்வதாகவே நினைக்கிறான், அதுதான் கொடுமை. நான் இருக்கும் ஊரில் ஒரு குழாய்க்காரரை வரவழைக்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் அவர் வராத நாளில் வந்ததாக எழுதித் தர மாட்டார். இங்கே கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்துவிடுகிறது, கூடவே செய்யாத வேலையின் ரசீதும்.

மேலாளருக்குப் போன் போட்டேன். "ஒரு நாள்தானே சார் வித்தியாசம்" என்றார். பிளாஸ்டிக் சுற்றியபடி கேஸ் போட்டால் உள்ளே எப்படிப் போகும் என்று கேட்டேன். "அது போயிடும் சார்." அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, சொல்லும்படி வாசனையும் இல்லை. போட்டார்களா இல்லையா என்று மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அளவு பார்க்கும் கருவி இருந்தால்தான் தெரியும். நான் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போடும்போது நானும் வருவேன் என்றேன். லைனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

கிடங்கில் இருந்த மேஸ்திரியைப் பார்த்த பிறகுதான் கோபம் இறங்கியது. வந்ததும் சுற்றியிருந்ததை எல்லாம் பிரிக்கச் சொன்னார். இழுப்பறைகளை வெளியே எடுத்துத் தனியாக அடுக்கினார், கதவுகளுக்குக் கட்டை கொடுத்துத் திறந்தே நிறுத்தினார். "பாலிஷ் வேண்டாம்னு சொன்னது நல்லதாப் போச்சு. வெறும் மரமா இருந்தாத்தான் உள்ள இறங்கும்" என்றார். தார்ப்பாய் மூடி, ஓரம் முழுக்க மணல்பை அடுக்கி, ஆட்களை விலக்கிவிட்டுத்தான் குழாயைத் திறந்தார். அடுத்த நாள் அளவு பார்க்கும் கருவியோடு வந்து, காற்றுப் போக விட்டு, எழுதின எண்ணை எனக்கும் காட்டினார். இவரைக் கிடங்கிலும் அந்தத் தாளை ஆபீசிலும் வைத்திருக்கிறது ஒரே கம்பெனி!

சரி, ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். சோதனைக்கு வந்த பெண் அதிகாரி சான்றிதழைப் படித்துவிட்டு, அதை நம்பியதாகக் காட்டிக்கொள்ளாமல், டார்ச்சோடு தரையில் குப்புறப் படுத்தார். ஒவ்வொரு காலுக்கும் அடியில் கறுப்புக் காகிதம் வைத்துத் தட்டினார். பின்பலகையை மட்டுமே வெகு நேரம் பார்த்தார். அலமாரி தேறிவிட்டது.

மாட்டிக்கொண்டது வேறு. அலமாரியை அடைத்த மரப்பெட்டியின் சட்டங்களில் எல்லாம் கோதுமைக் கதிர் முத்திரை பளிச்சென்று இருந்தது; 56 டிகிரியில் 30 நிமிடம் சூடுபடுத்திய மரம் என்பதற்கான எச்.டி. (HT) எழுத்துகளோடு. ஆனால் அலமாரி ஆடாமலிருக்க, கடைசி நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் காலடியில் ஒரு கட்டையை அடித்துச் செருகியிருக்கிறார். உள்ளங்கை அளவு, முத்திரை கிடையாது, ஒரு பக்கம் பட்டைகூட உரிக்கவில்லை. அதை மட்டும் தனிப் பையில் போட்டு, சீல் வைத்து, அழிக்க அனுப்பினார்கள். அதற்குச் சோதனை நேரக் கட்டணம், அழிப்புக் கட்டணம், காகித வேலைக்குக் கட்டணம் என்று தனித்தனி வரியாக பில் வந்தது. கூட்டிப் பார்த்தால், ஊரில் முழு அலமாரிக்கும் கேஸ் போட்டதைவிட அதிகம்.

அனுப்பப் போகிறவர்கள் பெட்டிக்கு ஆணி அடிக்கும் நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள் என்பார்கள், போகாதீர்கள்.