வீடு கட்டுபவருக்கு ‘ஆல் ரிஸ்க்’ பாலிசி: இரண்டு கிளெய்ம்களுக்குப் பின் என் மதிப்பீடு

மேடவாக்கம், பள்ளிக்கரணை வட்டாரத்தில் தனி வீடுகள் கட்டிக்கொடுக்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். 2023 வரை எந்த வேலைக்கும் நான் காப்பீடு எடுத்ததில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் பள்ளிக்கரணையில் தரைத்தளமும் மாடியுமாக ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் பேசியபோது, காப்பீடு இருந்தால்தான் முன்பணம் தருவேன் என்று வீட்டுக்காரர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அதனால் ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசி ஒன்றையும், தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்றையும் ஒரே நிறுவனத்தில் வாங்கினேன். இரண்டிலும் கிளெய்ம் செய்ய வேண்டிய நிலை வந்தது. வாங்கத் தகுந்தவைதான் இரண்டும். ஆனால் ‘ஆல் ரிஸ்க்’ என்ற பெயரை நம்பி, பின்னிணைப்புகளைப் படிக்காமல் வாங்கினால், பணம் தேவைப்படும் இடத்தில்தான் அது கைவிடும்.

ஆல் ரிஸ்க் பாலிசி இரண்டு பிரிவுகள் கொண்டது. கட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கும் தளத்தில் இறக்கி வைத்த பொருள்களுக்கும் தீ, புயல், வெள்ளம், திருட்டு, இடிந்து விழுதல் போன்றவற்றால் வரும் சேதம் முதல் பிரிவில் அடங்கும். நம் வேலையால் பக்கத்து வீட்டாருக்கோ வழிப்போக்கருக்கோ ஏற்படும் பாதிப்பு இரண்டாம் பிரிவு. காப்புத் தொகையை 62 லட்சமாக வைத்து, 12 மாதத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட ஏறத்தாழ 17,000 ரூபாய் கட்டினேன். இங்கே பலரும் செய்யும் தவறு, கூலி ஒப்பந்தத் தொகையை மட்டும் காட்டுவது. வீட்டுக்காரர் தானே வாங்கித் தரும் கம்பி, சிமெண்ட், டைல்ஸ் ஆகியவற்றின் மதிப்பையும் சேர்த்தே காட்ட வேண்டும். பிரீமியத்தைக் குறைப்பதற்காகப் பாதி மதிப்பைக் காட்டினால், இழப்பு வரும்போது அதே விகிதத்தில் கிளெய்மையும் குறைத்துவிடுவார்கள்.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது, நிறுவனத்தின் கிளையிலிருந்து வந்த பொறியாளர் தளத்தில் செலவிட்ட இரண்டு மணி நேரத்தைத்தான். இவ்வளவு சிறிய வேலைக்கு வழக்கமாக யாரும் நேரில் வருவதில்லை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். ஆனாலும் அவர் நவம்பரில், அஸ்திவாரத்துக்குப் பாதிக் குழிகள் தோண்டிய நிலையில் வந்தார். வந்தவர் முதலில் கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டரின் ஒயரைக் குனிந்து கையில் எடுத்தார். மூன்று இடங்களில் ஒட்டு. ஒவ்வோர் ஒட்டிலும் கறுப்பு டேப் பிரிந்து தொங்கியது. நடு ஒட்டு சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. அவர் கோபப்படவில்லை. மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, தற்காலிக இணைப்புப் பலகையில், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்தும் வரை கரண்ட் வேலை எதுவும் நடக்கக் கூடாது என்றார். அதற்கு எனக்கு ஆன செலவு மூவாயிரம் ரூபாய்கூட இல்லை. அத்தனை ஆண்டுகளாக அந்தக் கருவி இல்லாமல் ஈரத் தரையில் ஆள்களை வேலை செய்ய விட்டிருக்கிறேன் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

குழியின் ஓரத்திலேயே கொட்டி வைத்திருந்த மண்ணைத் தள்ளிப் போடச் சொன்னார். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போகும் இடங்களில் பக்கவாட்டில் பலகை அடித்து முட்டுக் கொடுக்கச் சொன்னார். கான்கிரீட் தளம் போட்ட தேதியையும், அதைத் தாங்கும் முட்டுகளைப் பிரித்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கமும் அவரிடமிருந்து வந்ததே. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, தாங்கும் சுவர்களுக்கோ உத்திரங்களுக்கோ இடையே 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாளும், அதற்கு மேற்பட்ட தளத்துக்கு 14 நாளும் முட்டுகள் நிற்க வேண்டும். கான்கிரீட் தளம் இறங்கிவிட்டதென்று கிளெய்ம் போட்டால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. அந்த மழையில் வேளச்சேரியில் ஒரு கட்டுமானப் பள்ளம் சரிந்து இருவர் உயிரிழந்தது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் தளத்தில் ஆள்கள் யாரும் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது, குழிகளின் பக்கங்கள் சரிந்து மண் நிரம்பியிருந்தது. அடித்தளத்துக்குக் கட்டி வைத்த கம்பிக் கூடுகள் வளைந்திருந்தன. 80 மூட்டைக்கு மேல் சிமெண்ட் கல்லாகியிருந்தது. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் நாற்பது அடி நீளம் எங்கள் குழிக்குள் சாய்ந்து கிடந்தது.

எங்கள் பக்கத்துச் சேதத்துக்கு 2,35,000 ரூபாய் கேட்டேன். தண்ணீர் இறைத்த மோட்டார் வாடகையைக் கழித்து, சர்வேயர் 1,78,000 என்று மதிப்பிட்டார். இயற்கைச் சீற்றத்துக்கான எக்ஸஸ், அதாவது நாமே ஏற்க வேண்டிய பங்கு, 50,000 ரூபாய் என்று பாலிசியிலேயே இருந்தது. மீதி 1,28,000 மார்ச் கடைசியில்தான் வங்கிக் கணக்கில் வந்தது. தொகையைப் பற்றி எனக்குக் குறையில்லை. நான்கு மாதக் காத்திருப்பு ஒரு சிறு ஒப்பந்ததாரரை வட்டிக்குக் கடன் வாங்க வைக்கும் என்பதை நிறுவனம் உணர வேண்டும்.

பக்கத்துச் சுவருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. அதிர்வினாலோ, தாங்கி நின்ற மண்ணை எடுத்ததாலோ, மண் வலுவிழந்ததாலோ அயலாரின் கட்டடத்துக்கு வரும் சேதத்தை இரண்டாம் பிரிவு ஏற்காது; அதற்குத் தனி எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் பின்னிணைப்பு, வாங்கியிருக்க வேண்டும். ஒட்டி ஒட்டி வீடுகள் நிற்கும் சென்னைப் புறநகரில் வீடு கட்டுபவருக்கு இதைவிட முக்கியமான பின்னிணைப்பு வேறில்லை. முழுவதும் ஆங்கிலத்தில் இருந்த பாலிசிப் புத்தகத்தில் அந்த வரி இருந்தது உண்மை. ஆனால் பிரீமியத்தை வாங்கிக்கொண்ட ஏஜென்ட் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சுவரை 1,10,000 ரூபாய் செலவில் நானே கட்டிக் கொடுத்தேன்.

தொழிலாளர்கள் ஆல் ரிஸ்க் பாலிசியின் எந்தப் பிரிவிலும் அடங்கமாட்டார்கள். நம்மிடம் வேலை செய்பவர் மூன்றாம் நபர் அல்லர். அதற்காகத்தான் இரண்டாவது பாலிசி. 2024 ஜூனில் மாடித் தளத்துக்கு சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சு, அடிக்கும்போது சாரத்தின் சவுக்குக் கட்டை முறிந்து, ஒரு தம்பி பதினோரு அடி உயரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அவர் என் நேரடி ஆள் இல்லை. சென்ட்ரிங் ஒப்பந்தக்காரர் கூட்டி வந்தவர். ஆனால் அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, உள் ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதன்மை ஒப்பந்ததாரரே பொறுப்பு. உள் ஒப்பந்த ஆள்களையும் சேர்த்து எழுதுங்கள் என்று அந்தப் பொறியாளர் வற்புறுத்தியிருந்ததால் கிளெய்ம் ஏற்கப்பட்டது.

மாதக் கூலியில் 25 சதவீதம் அரை மாதத்துக்கு ஒரு முறை என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் அப்போது உச்சவரம்பாக இருந்ததால், 3,750 வீதம் எட்டு முறை கொடுத்தார்கள். மருத்துவச் செலவுக்கு ஆளுக்கு 50,000 வரை மட்டுமே நான் நீட்டிப்பு, அதாவது கூடுதல் காப்பு, வாங்கியிருந்தேன். மருத்துவமனைக் கட்டணம் 1,35,000 ஆனது. மீதியை நான் கட்டினேன். கட்ட வேண்டியதும் நான்தான். அந்தத் தம்பிக்கு வயது 30. அவர் இறந்திருந்தால், உச்சவரம்பில் பாதியான 7,500-ஐ, அவர் வயதுக்குச் சட்டம் வகுத்த 207.98 என்ற எண்ணால் பெருக்கி, 15,59,850 ரூபாய் அவர் குடும்பத்துக்குச் சேர்ந்திருக்க வேண்டும். பாலிசி இல்லாத நிலையில் அந்தத் தொகையை என்னால் புரட்டியிருக்க முடியாது; அந்தக் குடும்பம் வழக்குமன்றத்துக்கு அலைந்திருக்கும். இப்போது அவர் கீழே நின்று கம்பி வெட்டும் வேலை பார்க்கிறார், சாரத்தில் ஏறுவதில்லை. என் தளங்களில் சவுக்குச் சாரத்தை விட்டு, இரும்புக் குழாய்ச் சாரத்துக்கு மாறிவிட்டேன்.

அதே நிறுவனத்தில்தான் முடிச்சூரில் அடுத்த வேலைக்கும் பாலிசி எடுத்தேன். மண் தாங்குதல் எண்டார்ஸ்மென்ட்டைச் சேர்த்து எழுதச் சொல்லி, ஏஜென்ட் அந்தப் பக்கத்தைக் காட்டிய பிறகே காசோலையில் கையெழுத்துப் போட்டேன். மருத்துவ நீட்டிப்பை ஆளுக்கு 2 லட்சமாக உயர்த்தினேன். அஸ்திவாரக் குழி தோண்டுவதற்கு முந்தின நாள், பக்கத்து வீட்டு ஐயாவைக் கூட வைத்துக்கொண்டு அவர் சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசல்கள் ஒவ்வொன்றையும் அளவுகோலோடு படம் எடுத்து, அவர் கையெழுத்தையும் வாங்கி, ஒரு பிரதியைக் கிளை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.