டிபென்டன்சியை அறுக்க எந்தக் கருவி? எம்எஸ் புராஜெக்ட், ஆசானா, கிளிக்அப், ஜிரா

பழைய பிளானை நகலெடுத்துப் புதிய வேலைக்குப் போடும்போது கேட்காமலே கூட வந்துவிடுபவை அதன் டிபென்டன்சிகள், அதாவது ‘இது முடிந்தால்தான் அது தொடங்கும்’ என்பது போல டாஸ்க்குகளைக் கட்டிப்போடும் லிங்குகள். நாற்பது டாஸ்க் என்றால் உட்கார்ந்து கையால் எடுத்துவிடலாம். அறுநூறு என்றால் மேக்ரோவோ (மென்பொருளுக்குள் ஓடும் சிறு நிரல்) ஏபிஐயோ (வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் வழியாகக் கட்டளை அனுப்பும் வழி) வேண்டும். எது வேகமாக அறுக்கிறது என்பது எனக்கு இரண்டாம்பட்சம். அறுத்த பிறகு தேதிகள் என்ன ஆகின்றன, தப்பு நடந்தால் பழையபடி கட்ட முடியுமா என்பதை வைத்துத்தான் இந்த நான்கு திட்டமிடல் மென்பொருள்களையும் எடைபோடுகிறேன்.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் வசதியும் அதிகம், ஆபத்தும் அதிகம். கையால் எடுக்க கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்2. பல டாஸ்க்குகளைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் அவற்றுக்கு இடையிலுள்ள லிங்குகள் போகும். ஒரே டாஸ்க்கில் நின்று அழுத்தினால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எல்லாமே போய்விடும். இது தெரியாமல் அழுத்தியவர்கள் பலர், நானும்தான். விபிஏ (மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களுக்குள் உள்ள நிரல்மொழி) மேக்ரோவில் இந்தக் குழப்பம் இல்லை. ‘ஸ்டார்ட்-டு-ஸ்டார்ட் லிங்குகளை மட்டும் எடு, ஃபினிஷ்-டு-ஸ்டார்ட்டைத் தொடாதே’ என்று நிபந்தனை வைக்கலாம் (முன்னது, ஒன்று தொடங்கினால் மற்றது தொடங்கலாம்; பின்னது, ஒன்று முடிந்தால் மற்றது தொடங்கலாம்). எழுதும்போது இரண்டு இடங்களில் கால் இடறும். நடுவில் காலி வரி இருந்தால், அதைச் சோதித்துத் தாண்டாத மேக்ரோ அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். லிங்குகளை முதலிலிருந்து அழித்துக்கொண்டு போனால் எண்கள் நகர்ந்து, ஒன்று விட்டு ஒன்று மிஞ்சும். கடைசியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

என் முதல் மேக்ரோ கண் இமைக்கும் நேரத்தில் வேலையை முடித்தது. நிமிர்ந்து பார்த்தால், டாஸ்க்குகளைக் காலவரிசையில் பட்டைகளாகக் காட்டும் கான்ட் சார்ட்டில் அத்தனை பட்டைகளும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. அஸ்திவாரம் தோண்டுகிற அதே திங்கட்கிழமை பெயின்டரும் வந்து நிற்கிறார். மென்பொருள் மேல் குற்றம் இல்லை. ஆட்டோ ஷெட்யூலில் (மென்பொருளே தேதியைக் கணக்கிடும் முறை) உள்ள டாஸ்க்கைத் தேதியில் பிடித்து வைத்திருந்ததே அந்த லிங்க்தான். வேறு கட்டுப்பாடு எதுவும் இல்லாவிட்டால் அது புராஜெக்ட் தொடங்கும் நாளுக்கே ஓடிவிடும். அறுப்பதற்கு முன் மேனுவல் ஷெட்யூலுக்கு மாற்றியிருந்தால் தேதிகள் அசைந்திருக்காது. அன்டூ கைகொடுக்கும் என்று நம்பினேன். மேக்ரோவின் ஒவ்வொரு மாற்றமும் தனித்தனி அன்டூவாகப் பதிவாகிறது; வழக்கமான எல்லை 20, கூட்டினாலும் 99தான். மொத்தத்தையும் ஒரே அன்டூவாகக் கட்டும் கட்டளை விபிஏயிலேயே உண்டு. அதை நான் படித்தது மறுநாள்.

ஆசானாவில் இந்தக் களேபரம் இல்லை. லிங்கை எடுத்தாலும் தேதி இருந்த இடத்திலேயே இருக்கும். ஏபிஐ வழியாக ஒரு டாஸ்க்கின் டிபென்டன்சிகளைப் பட்டியலாகக் கொடுத்து ஒரே அழைப்பில் நீக்கலாம். ஒரு டாஸ்க்குக்கு முன்னும் பின்னும் சேர்த்து 30 லிங்குக்கு மேல் போட முடியாது என்பதால் பட்டியலும் கைக்கு அடக்கமாக இருக்கும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு நால்வரில் இதுதான் சுலபம்.

கிளிக்அப்பில் ஜோடி ஜோடியாகத்தான் அறுக்க வேண்டும். எது எதைச் சார்ந்தது என்ற திசையையும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். சாதாரணத் திட்டங்களில் நிமிடத்துக்கு 100 அழைப்புகள் என்பதால் அறுநூறு லிங்குக்கு ஆறு நிமிடமாவது ஆகும். டீ குடித்துவிட்டு வரலாம்.

ஜிராவில் லிங்க் என்பது தேதியைத் தொடாத ஒரு குறிப்பு. ஏபிஐயில் அழிக்க டாஸ்க் எண் போதாது. அந்த இஷ்யூவை (டாஸ்க்குக்கு ஜிராவில் உள்ள பெயர்) திறந்து லிங்குக்கென்று உள்ள தனி எண்ணை எடுக்க வேண்டும். கோட் எழுதத் தெரியாதவர்களுக்கு ஜிராவின் ஆட்டோமேஷனிலேயே லிங்கை நீக்கும் செயல் இருக்கிறது. அதில் ‘பிளாக்ஸ்’ (ஒன்று மற்றதைத் தடுக்கிறது) வகை மட்டும் என்று குறிப்பிட மறந்தால், ‘ரிலேட்ஸ் டு’ (தொடர்புடையது) என்று யாரோ பொறுமையாகப் போட்டு வைத்தவையும் சேர்ந்து போய்விடும். தேதி எதுவும் குதிக்காததால் இழப்பு பல நாளைக்கு யார் கண்ணிலும் படாது. இடது ஓரத்தில் குவிந்த பட்டைகளே மேல் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். அங்கே தப்பு அன்றைக்கே முகத்தில் அறைகிறது.

இப்போது ஏஐ உதவியாளரிடம் சாட்டில் சொன்னாலே லிங்கை எடுத்துவிடுகிறது. பின்னால் ஓடுவது இதே ஏபிஐதான். சிக்கல் பெயரில்: ஒரே பிளானில் ‘டெஸ்டிங்’ என்று ஐந்து டாஸ்க் இருந்தால் எதை எடுக்கும்? எடுக்கப்போகும் ஜோடிகளை எண்ணோடு முதலில் பட்டியலிடச் சொல்லி, பார்த்துவிட்டுத்தான் நான் சரி சொல்கிறேன்.

தேதிகள் லிங்கை நம்பி நிற்கும் கட்டுமான ஷெட்யூலுக்கு என் தேர்வு மேக்ரோதான். ஆனால் அதை ஓட்டுமுன் பிரிடிசஸர் (ஒரு டாஸ்க்குக்கு முன்னால் வரும் டாஸ்க்) விவரம் முழுவதையும் எக்செலுக்கு எடுத்து வைத்துவிடுவேன். வரி எண்ணை நம்பாமல் யுனிக் ஐடி பிரிடிசஸர் என்ற நெடுவரிசையை எடுக்க வேண்டும். நடுவில் ஒரு வரி நுழைந்தால் சாதாரண எண்கள் எல்லாம் மாறிவிடும். ஒட்டுவதற்கு முன் எக்செல் நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ‘12,143’ என்ற இரண்டு பிரிடிசஸர்களை அது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் என்று படித்துக்கொள்ளும்.