மலைக் குளிரில் சிகார் பெட்டி: ஆறு வருடப் பயன்பாடு

சிகார் காய்ந்துவிடக்கூடாது, ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே போகவே கூடாது என்றுதான் எல்லோரும் சொல்லித் தருவார்கள். ஏசி ஓடும் சென்னை வீட்டுக்கும் வெயில் காயும் மதுரைக்கும் அது சரிதான். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலிலோ, 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியிலோ அதை நம்பி 72 சதவீதத்தில் வைத்தால், மழை ஒரு சுற்று முடிவதற்குள் பெட்டியைத் திறந்ததும் ஈரமண் வாடை வரும். மலையில் சிகாரைக் கெடுப்பது வறட்சியல்ல, ஈரம். அதோடு, பகலுக்கும் இரவுக்கும் நடுவே விழும் வெப்பநிலை. ஐம்பது சிகார் கொள்ளும் மரப்பெட்டி ஒன்றும், நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடும் 5 லிட்டர் சமையலறை டப்பா ஒன்றும் ஆறு வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததில், டப்பாதான் ஜெயித்தது.

மரப்பெட்டியை முதலில் பார்த்துவிடலாம். கொடைக்கானலுக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில். ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவம். அந்த மாதங்களில் மரம் ஊறி மூடி இறுகிவிடும், திறக்கவே இழுக்க வேண்டும். பிப்ரவரி வந்தால் அதே மூடி சுருங்கி இடைவெளி விடும். ஒரு பத்து ரூபாய் நோட்டை மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. ஒரே பெட்டி செப்டம்பரில் தேறி மார்ச்சில் தோற்கும். புதுப் பெட்டியை ஈரத்துணியால் உள்ளே துடைத்துப் பதப்படுத்தச் சொல்வதையும் மலையில் கேட்க வேண்டாம். ஏற்கனவே ஈரம் ஏறிய மரத்தில் மெல்லிய மேல்தகடு உப்பிக்கொண்டு எழும், பிறகு அது உட்காராது.

டப்பாவுக்கு வேண்டியது கொஞ்சம்தான். மூடியின் பள்ளத்தில் சிலிக்கான் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். 25 முதல் 30 சிகாருக்கு, டப்பாக் காற்றை 65 சதவீத ஈரத்தில் நிறுத்தும் ஈரப்பதப் பை 60 கிராமில் இரண்டு, ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி, நாலைந்து மரத்தகடு. புது டப்பாவில் பிளாஸ்டிக் வாடை இருந்தால், சோப்பு போட்டுக் கழுவி ஒரு வாரம் நிழலில் திறந்து வைத்தபிறகே சிகாரை உள்ளே வைக்கலாம். ஈரப்பதப் பை வாங்கியதும் சமையலறைத் தராசில் எடை போட்டு அதன் மேலேயே பேனாவால் எழுதி வைப்பது நல்ல பழக்கம். பை காய்ந்து கல் போல் இறுகினால் மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் இங்கே நடப்பது நேர்மாறு. டப்பாவை அடிக்கடி திறந்தால் பை வெளிக்காற்றின் ஈரத்தை இழுத்து எடை கூடும், தலையணை போல் உப்பும். எழுதி வைத்த எடையை நன்றாகத் தாண்டிவிட்டது என்றால், வெயிலடிக்கும் நாளில் வெளியே எடுத்துக் காயவைத்து பழைய எடைக்குக் கொண்டுவந்தால் போதும், புதுசு வாங்க வேண்டியதில்லை.

ஈரமானியைச் சோதிக்காமல் நம்பக்கூடாது. பாட்டில் மூடி ஒன்றில் ஒரு டீஸ்பூன் உப்பு, அது கரைந்துவிடாமல் சேறு போல் ஆகுமளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். அந்த உப்பு மூடியையும் ஈரமானியையும் ஜிப் கவரில் போட்டு மூடி 12 மணி நேரம் விடுங்கள். ஈரமானி 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் கருவி நாலு குறைத்துச் சொல்கிறது, அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். அறை 10 டிகிரியில் இருந்தாலும் 25 டிகிரியில் இருந்தாலும் உப்பின் மேலிருக்கும் காற்று 75 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அதனால் மலைவாசிகளுக்கு இதைவிட எளிய சோதனை இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். முள் வைத்த பழைய வட்ட ஈரமானி பார்க்க அழகு, அவ்வளவுதான்.

இப்போது நிஜமான தொல்லைக்கு வருவோம். ஜனவரியில் விடிகாலை டப்பாவின் மூடியைப் புரட்டிப் பார்த்தால் உட்பக்கம் பொடிப்பொடியாக நீர் முத்துக் கோத்திருக்கும். 22 டிகிரியில் 65 சதவீத ஈரம் உள்ள காற்று 15 டிகிரி வரை குளிர்ந்தாலே நீராகத் தொடங்கிவிடும். உறைபனி விழும் இரவில் வீட்டின் வெளிச்சுவர் அதற்கும் கீழே போய்விடும். அந்த முத்தில் ஒன்று சொட்டினால் சிகாரைச் சுற்றியிருக்கும் மேலிலையில் காசளவு வெளிர்ப் புள்ளி விழும், அந்த இடம் உப்பி, பற்றவைத்ததும் வெடிக்கும். டப்பா நிறைய சிகார் இருந்தால் புகையிலையே அந்த ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். 30 கொள்ளும் டப்பாவில் ஆறு மட்டும் கிடக்கும்போதுதான் இது நடக்கும். ஆகவே காலி இடத்தை மரத்தகடு வைத்து நிரப்புங்கள், மேல் அடுக்கின் மீது கட்டாயம் ஒரு தகடு மூட வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய கல் அலமாரியும் தகரக் கூரைக்கு அடியிலிருக்கும் பரணும் வேண்டாம். கணப்புக்கும் ரூம் ஹீட்டருக்கும் பக்கமும் வேண்டாம். உள்ளறையில், கம்பளி வைக்கும் மர அலமாரியின் நடுத்தட்டு சிறந்த இடம். ஆனால் அந்த அலமாரியில் பாச்சை உருண்டை இருக்கக்கூடாது. நீலகிரித் தைலப் பாட்டிலும் அப்படியே. ஒருமுறை ஏறிய தைல வாடை புகையிலையை விட்டுப் போகாது.

மரத்தகடு என்றதும் பைன் பெட்டிப் பலகையை அறுத்துப் போடாதீர்கள், பிசின் வாடை எல்லாவற்றிலும் ஏறிவிடும். வெளிநாட்டில் சிகார் பெட்டிக்கு எடுக்கும் ஸ்பானிஷ் சீடர் உண்மையில் சீடர் இனமே அல்ல, வேம்புக் குடும்பத்து மரம். நம் காடுகளில் வளரும் சந்தன வேம்பும் அதே குடும்பம். மரக்கடையில் நன்றாக உலர்ந்த துண்டு கிடைத்தால் 5 மில்லிமீட்டர் கனத்தில் அறுத்து, பாலிஷ் எதுவும் போடாமல் அப்படியே பயன்படுத்தலாம்.

மேலிலையில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் முதலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பஞ்சு போல் நூலோடிப் புள்ளி புள்ளியாக இருந்தால் அது பூசணம். மேலே மட்டும் இருந்தால் மென்மையான தூரிகையால் துடைத்து, பிரித்து வைத்து, 62 சதவீதப் பைக்கு மாறலாம். நெருப்பு வைக்கும் முனையில், உள்ளிலைகளுக்கு நடுவே பச்சையாக இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், வருத்தப்பட்டுப் பயனில்லை.

பற்றவைப்பதிலும் மலை தன் வேலையைக் காட்டும். கீழே நன்றாகச் சீறிய ஜெட் லைட்டர் மேலே வந்ததும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், சுடர் வராது. லைட்டரில் குறையில்லை. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. காற்று போதாமல் கேஸ் கூடிப்போகிறது. அடியில் இருக்கும் திருகைக் குறைத்து வையுங்கள், உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்திச் சூடாக்குங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டினால் ஆவியாகவே தயங்கும், உறைபனிக் காலையில் எந்த லைட்டரும் மக்கர் செய்யும். மெழுகுத் தீக்குச்சி எப்போதும் கைகொடுக்கும். தீப்பெட்டியை ஜிப் கவரில் வையுங்கள், உரசும் பட்டை ஈரமானால் அவ்வளவுதான். குச்சியின் மருந்து எரிந்து தீர்ந்து, சுடர் மஞ்சளாக நின்ற பிறகே சிகார் பக்கம் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாலு இழுப்பும் கந்தகம்தான்.

பிடிப்பதற்கு முன் சில மணி நேரம் வெளியே எடுத்து வைத்து உலரவிடுங்கள் என்று ஒரு யோசனை பரவலாக உண்டு. மழை மாதத்தில் அறைக்காற்று டப்பாவைவிட ஈரமாக இருக்கும், வெளியே வைத்தால் சிகார் ஊறத்தான் செய்யும். மாற்று வழி: சின்னத் தகர டப்பாவில் ஒரு மரத்தகடு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் இரண்டு மணி நேரம். அதே காரணத்துக்காக மஞ்சு இறங்கும் மாலையில் திறந்த முற்றத்தில் உட்கார வேண்டாம். மேலிலை ஈரத்தைக் குடித்து ஒரு பக்கம் எரியாமல் நிற்கும், தீ சாய்வாக ஓடும். கண்ணாடி அடைத்த வராந்தாவில் ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்தால் ஒழுங்காக எரியும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். ஐந்தங்குலச் சிகார் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரும்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத் துணையாக, தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பிக்கொட்டையில் போட்ட டிகாஷனைவிடப் பொருத்தமானது வேறொன்றும் இல்லை. இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் ஆறவிடாமல் அப்படியே ஃபில்டரில் ஊற்றலாம். தேயிலை என்றால் ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவிட வேண்டும். பால் குறைவாக, சர்க்கரை இல்லாமல். பக்கத்தில் கோடைப் பண்பலை 100.5 மெதுவாக ஒலித்தால் நேரம் நிறைந்துவிடும்.

கியூபா, டொமினிகன் சிகார் மட்டும்தான் என்றில்லை. மலையடிவாரத் திண்டுக்கல்லும் திருச்சி உறையூரும் ஒரு காலத்தில் சீமைக்கே சுருட்டு அனுப்பிய ஊர்கள். இரண்டு முனையும் வெட்டிய நம் சுருட்டுக்கு 60, 62 சதவீதம் தாராளம். அதற்கு மேல் ஈரம் ஏறினால் அணைந்து அணைந்து உயிரை வாங்கும். இதைத் தனி டப்பாவில்தான் வைக்க வேண்டும், வாடை காரம், பக்கத்தில் இருப்பதன் மேல் ஏறும். கீழிருந்து வருவதால் புகையிலை வண்டின் முட்டையும் கூட வரலாம். 18 டிகிரிக்குக் கீழே அது பொரியாமல் கிடக்கும், அதனால் மலையில் இருக்கும்வரை தெரியாது. வத்தலக்குண்டு வெயிலில் காருக்குள் அரை நாள் இருந்தால் போதும், பிறகு சில வாரத்தில் குண்டூசித் துளைகள் தெரியும். வாங்கியதும் இரட்டை ஜிப் கவரில் காற்றை அழுத்தி எடுத்து ஃபிரீசரில் ஒரு வாரம், பிறகு ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு, அப்புறம் அறை. மூன்று நாள் போதும் என்பார்கள், ஆனால் மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஒரு வாரமே பாதுகாப்பு.

புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி உண்டு, வாரத்துக்கு ஒன்று என்பதே இந்தப் பெட்டிக்கு ஏற்ற கணக்கு. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் இருக்கிறது, அதனால் வராந்தாவோடு நிறுத்திக்கொள்வோம். முடிந்த துண்டை நசுக்காமல் பீங்கான் தட்டில் விட்டால் பத்து நிமிடத்தில் தானே அணையும், நசுக்கினால்தான் நாற்றம் வரும். அணைந்தாலும் உள்ளே கங்கு இருக்கும். மறுநாள் வரை தண்ணீர் ஊற்றிய தகரக் குவளையில் போட்டு வைத்து, பிறகு குப்பையில் சேர்க்க வேண்டும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும் பைன் ஊசிகளுக்கு ஒரு கங்கு போதும்.