சி.ஐ.எஃப். என்றால் "உங்க துறைமுகம் வரைக்கும் எங்க பொறுப்பு" இல்லை

இறக்குமதிக்குப் புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். சி.ஐ.எஃப். என்பது சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் வாடகை மூன்றையும் சேர்த்து விற்பவர் சொல்லும் விலை. ஒரு கண்டெய்னர் அச்சு அட்டையைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

விற்ற கம்பெனியின் பிரதிநிதி போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சி.ஐ.எஃப். விலை, உங்கள் துறைமுகம் வரை எங்கள் பொறுப்பு, இன்சூரன்ஸ் விலையில் 110 சதவீதத்துக்கு. அவர்கள் முன்கூட்டி அனுப்பிய விலைப்பட்டியலான ப்ரோஃபார்மா இன்வாய்ஸிலும் சி.ஐ.எஃப். என்பதற்குப் பக்கத்தில் நான் சரக்கை இறக்கும் துறைமுகத்தின் பெயர்தான் இருந்தது. நம்பி எல்.சி. திறந்தேன், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக என் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்.

கண்டெய்னர் கதவைத் திறந்ததுமே புழுங்கல் வாடை முகத்தில் அடித்தது. கதவோரத்துப் பாலெட்டுகளில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு தண்ணீர்க் கோடு. ஒரு அட்டையை உருவினால் பத்துப் பன்னிரண்டு ஒட்டிக்கொண்டு கட்டியாக வந்தது. கதவு ரப்பர் ஒரு மூலையில் கிழிந்து தொங்கியது.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து, ஈர அட்டையின் மேல் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டார். பால் மாதிரி வெளுத்தது. "கடல் தண்ணிதான் சார்" என்றார். எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. கெட்டது வழியில்தான், என் கிடங்கில் இல்லை என்று ஆகிவிட்டது. இனி விற்றவர் ஈடு கட்டுவார் என்று நினைத்தேன். உண்மையில் என் கோரிக்கை அந்தச் சொட்டோடு செத்துவிட்டது.

விற்பவர், வாங்குபவர் இருவரில் எந்தச் செலவும் அபாயமும் யாருக்கு என்று சொல்பவை, சர்வதேச வணிகச் சபை 1936 முதல் வெளியிட்டு வரும் இன்கோடெர்ம்ஸ் விதிகள். அவற்றில், 'சி' எழுத்தில் தொடங்கும் நான்குக்கும் செலவு முடிகிற இடம் வேறு, அபாயம் கைமாறுகிற இடம் வேறு. சி.ஐ.எஃப். பக்கத்தில் எழுதும் துறைமுகம், விற்பவர் எதுவரை கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் கட்டுகிறார் என்பதை மட்டும்தான் சொல்கிறது. அபாயமோ, புறப்படும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதுமே வாங்குபவர் தலைக்கு வந்துவிடுகிறது. நடுக்கடலில் நனைந்தால் நனைந்தது நம் சரக்கு. சர்வதேசச் சரக்கு விற்பனை பற்றிய 1980 வியன்னா உடன்படிக்கையின் 66-வது பிரிவும் இதே போக்குதான்: அபாயம் மாறிய பிறகு சரக்கு கெட்டாலும், விற்றவரின் செயலாலோ தவறாலோ கெட்டதாக இல்லாதவரை, விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். ரப்பர் கிழிசலைக் காட்டிக் கேட்டேன். கண்டெய்னர் கப்பல் கம்பெனியுடையது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பாலிசியை எடுத்தேன். 110 சதவீதம் என்பது தொகை. எதற்கெல்லாம் கிடைக்கும் என்பது வேறு கணக்கு. சி.ஐ.எஃப்.-இல் விற்பவர் எடுத்துத் தரவேண்டிய குறைந்தபட்சப் பாதுகாப்பு, இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் என்ற சரக்கு இன்சூரன்ஸ் ஷரத்துகளில் 'சி'. தீ, வெடிப்பு, கப்பல் தரைதட்டுதல், மூழ்குதல், மோதல் போன்ற சிலவற்றுக்குத்தான் அது. கண்டெய்னருக்குள் கடல் தண்ணீர் புகுந்ததற்குக் கிடைக்க 'பி' வேண்டும். திருட்டுக்கு அதுவும் போதாது, 'ஏ' வேண்டும். என் பாலிசியில் இருந்தது 'சி'. கோரிக்கை தள்ளுபடி.

வங்கியிடம் முறையிட்டுப் பயனில்லை. எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன்படி வங்கி பார்ப்பது ஆவணங்களை, சரக்கை இல்லை. காகிதங்கள் சரியாக இருந்தன, பணம் எப்போதோ போய்விட்டது.

கப்பல் கம்பெனி விஷயத்தில் நானே ஒரு தவறு செய்தேன். விற்றவரோடு மல்லுக்கட்டுவதிலேயே ஒரு வாரம் ஓடிவிட்டது. கப்பல் கம்பெனியின் பொறுப்பைச் சொல்லும் ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) என்றால், வெளியே தெரியாத சேதத்தை டெலிவரி எடுத்த 3 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், பில்லில் உள்ளபடியே சரக்கு வந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது நம் பாடு. வழக்குப் போட ஒரு வருடம்தான் கெடு. யாரிடம் சண்டை போடுவதானாலும் முதல் நாளே கப்பல் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.

சட்டப்படி விற்றவர் பக்கம் ஓட்டையே இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனால் நான் இதை ஏமாற்று என்றுதான் சொல்வேன். தினமும் சி.ஐ.எஃப். விற்கிற ஆளுக்கு அபாயம் எங்கே மாறும் என்று தெரியாமல் இருக்காது. "எங்க பொறுப்பு" என்று வாயால் சொன்னவர், அதை மெயிலில் எழுதித் தரவே இல்லை. நானும் கேட்கவில்லை.

நிஜமாகவே வந்து சேரும்வரை அபாயம் விற்பவருடையதாக இருக்க வேண்டுமானால் கேட்க வேண்டியது டி.ஏ.பி. என்ற இன்கோடெர்ம்ஸ் விதி. விற்பவர் அதற்கு இறங்கி வராவிட்டால், வாடகையும் இன்சூரன்ஸும் விற்பவரே கட்டும் இன்னொரு 'சி' விதியான சி.ஐ.பி. கேளுங்கள். அதிலும் அபாயம், சரக்கை எடுத்துச் செல்லும் முதல் கேரியரிடம் ஒப்படைத்ததுமே நமக்கு மாறிவிடும். ஆனால் 2020 பதிப்பில் அதற்கு 'ஏ' ஷரத்து இன்சூரன்ஸ் எடுத்துத் தருவது விற்பவரின் கடமை. கப்பலில் ஏறுவதற்கு முன்பே யார்டில் ஒப்படைக்கப்படும் கண்டெய்னர் சரக்குக்குப் பொருத்தமானதும் அதுதான். சி.ஐ.எஃப்.-தான் என்று அடம்பிடித்தால், "கார்கோ கிளாசஸ் 'ஏ', இன்கோடெர்ம்ஸ் 2020" என்று ஒப்பந்தத்திலும் எல்.சி.யிலும் எழுத வையுங்கள். போனில் யார் என்ன உறுதி சொன்னாலும், அன்றைக்கே அதை மெயிலில் போட்டு "சரிதானே?" என்று கேளுங்கள். பதில் வராமல் எல்.சி. திறக்காதீர்கள்.