உள்ளீட்டைத் துப்புரவாக்கும் நிரல்: கால்பேக்கா, கன்சர்னா, நார்மலைசஸா?

ஒரு வலைச் செயலியில் பயனர், சந்தாதாரர், அழைப்பு என்று மூன்று மாடல்கள், அதாவது தரவுத்தளப் பதிவுகளைக் கையாளும் வகுப்புகள். மூன்றிலும் மின்னஞ்சல் முகவரி. மூன்றிலும் ஓர இடைவெளியை வெட்டிச் சிறிய எழுத்தாக்க வேண்டும். ரூபி மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில் இதற்குப் பல வழிகள் உண்டு. துப்புரவு எந்தத் தருணத்தில் நடக்கிறது என்பதை வைத்துத்தான் அவற்றை எடைபோட வேண்டும்.

முதல் வழி கால்பேக், அதாவது சேமிப்பு போன்ற தருணங்களில் தானாக ஓடும் நிரல். ஒரே கால்பேக்கை மூன்று மாடல்களிலும் ஒட்டிவைப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்றைத் திருத்துவோம், மற்ற இரண்டும் பழையபடியே கிடக்கும்.

பல மாடல்கள் பகிரும் நிரலைத் தனியே வைக்கும் கன்சர்ன் இதைவிட மேல். நிரல் ஓரிடத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் உள்ளே ஓடுவது, சரிபார்ப்புக்கு முன் ஓடும் அதே பிஃபோர் வேலிடேஷன் கால்பேக்தான். சரிபார்ப்பைத் தவிர்த்துச் சேமித்தால் அது ஓடாது. பெரிய குறை தேடலில் இருக்கிறது. பெரிய எழுத்துகளோடு வந்த முகவரி, சிறிய எழுத்தாகிப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. பிறகு அதே ஆள் அதே பெரிய எழுத்துகளோடு உள்நுழைய வருகிறார். பதிவைத் தேடும் ஃபைண்ட் பை, அவர் தட்டச்சு செய்ததை அப்படியே தேடுகிறது. கணக்கே இல்லை என்கிறது. உடனே யாராவது வலைக் கோரிக்கையைக் கையாளும் கன்ட்ரோலரில், சிறிய எழுத்தாக்கும் டவுன்கேஸ் ஒன்றைச் சேர்ப்பார். ஓரிடத்துக்கு வந்த நிரல் மறுபடியும் சிதறிவிடும்.

2023 அக்டோபரில் வந்த ரெயில்ஸ் 7.1இன் நார்மலைசஸ் என்னும் வசதி இந்த இடத்தில்தான் வெல்கிறது. மதிப்பை ஒப்படைக்கும்போதே சுத்தம் செய்கிறது. ஃபைண்ட் பை, வேர் (where) ஆகிய தேடல்களுக்குக் கொடுக்கும் மதிப்பையும் அதே வழியில் அனுப்புகிறது. நில் என்னும் வெற்று மதிப்பை, நாம் கேட்காதவரை, தொடுவதில்லை. என் தேர்வு இதுதான்: துப்புரவு விதியைத் தனியொரு மாட்யூலில் லாம்ப்டாவாக, அதாவது பெயரற்ற செயற்கூறாக, வைத்து, ஒவ்வொரு மாடலும் ஒரே வரியில் அதை அழைக்க வேண்டும்.

எல்லா உரை நெடுவரிசைகளையும் தானாக வெட்டும் கன்சர்னை மட்டும் எழுதாதீர்கள். எளிய குறிகளால் வடிவமைக்கப்படும் மார்க்டவுன் உரை நான்கு இடைவெளிகளோடு தொடங்கினால் அது நிரல் பகுதி. வெட்டினால் வெறும் பத்தியாகிவிடும்.

விதி ஓரிடத்தில் இருப்பதன் அருமை நுணுக்கங்களில் தெரியும். ஓர இடைவெளியை வெட்டும் ரூபியின் ஸ்ட்ரிப், வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் உடையா இடைவெளியை (non-breaking space) நீக்காது. தமிழ்ப் பெயர்களில் ‘கொ’வின் துணைக்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு வேறு. ரூபியின் யூனிகோட் நார்மலைஸ் அதைச் சீராக்கும். இவற்றை யார் மூன்று இடங்களில் நினைவு வைத்திருப்பார்கள்?

ரெயில்ஸ் 5இல் வந்த ஆட்ரிபியூட்ஸ் ஏபிஐ கொண்டு புலத்துக்கெனத் தனி வகை எழுதுவது, தொலைபேசி எண் போலத் தனக்கென நடத்தை உள்ள மதிப்புகளுக்குப் பொருந்தும். வெறும் இடைவெளி வெட்டுவதற்கு அது அதிகம்.

நார்மலைசஸுக்கு மாறும்போது பழைய பதிவுகள் தாமாகச் சுத்தமாவதில்லை. தேடல் சிறிய எழுத்தாகிவிடுவதால், பெரிய எழுத்தில் கிடக்கும் பழைய முகவரிகள் அகப்படாமல் போகும். ஒவ்வொரு பதிவிலும் நார்மலைஸ் ஆட்ரிபியூட் மெத்தடை அழைத்துச் சேமிக்க வேண்டும். அதற்கு முன்பே, சுத்தமானபின் ஒன்றாகிவிடக்கூடிய இரட்டைக் கணக்குகளைத் தேடி, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்துவிடுங்கள்.